பாப் யூக்கர் ஆட்டக்காரராக இருந்த ஆறு பருவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப் யூக்கரை வானொலி வர்ணனையாளராகவும் நகைச்சுவைக்காரராகவும் தெரிந்தவர்கள்தான் அதிகம். மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் ஆட்டங்களை 1971 முதல் 2024 வரை வர்ணித்தார். 2025 ஜனவரி 16 அன்று, 90 வயதில் காலமானார். அதற்கெல்லாம் முன்பு, 1962 முதல் 1967 வரை, மேஜர் லீக் பேஸ்பாலில் மாற்று கேட்சராக (கிரிக்கெட்டின் மாற்று விக்கெட் கீப்பர் போல) ஆடியவர் அவர். இந்தப் பக்கம் அந்த ஆறு பருவங்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக, கிரிக்கெட்டில் ஈடான சொல் கிடைக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

எந்தெந்த அணிக்கு, எத்தனை ஆட்டம் ஆடினார்?

1962, மில்வாக்கி பிரேவ்ஸ்: 33 ஆட்டம், சராசரி 0.250, 1 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல).
1963, அதே அணி: 13 ஆட்டம், 0.250, ஹோம் ரன் இல்லை.
1964, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்: 40 ஆட்டம், 0.198, 1 ஹோம் ரன்.
1965, கார்டினல்ஸ்: 53 ஆட்டம், 0.228, 2 ஹோம் ரன்.
1966, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ்: 78 ஆட்டம், 0.208, 7 ஹோம் ரன்.
1967, ஃபில்லீஸுக்கு 18 ஆட்டம், பிறகு அட்லாண்டா பிரேவ்ஸுக்கு 62 ஆட்டம்: சேர்த்து 0.150, 3 ஹோம் ரன்.

மொத்தம் 297 ஆட்டம், 14 ஹோம் ரன், அவர் அடியால் வந்த ரன்கள் 74. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம் என்று வைத்தால் ஆறு பருவத்தில் 972 ஆட்டம். பத்தில் மூன்றில்தான் களம் இறங்கியிருக்கிறார். மற்ற ஏழில் என்ன செய்தார் என்பது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

அவருடைய பேட்டிங் சராசரி சரியாக 0.200 தானா?

அட்டவணையில் அப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு மயிரிழை குறையும். 731 முறை மட்டை பிடித்து 146 ஹிட். 146-ஐ 731-ஆல் வகுத்தால் 0.1997. பேஸ்பாலில் மூன்று தசம இலக்கத்தோடு நிறுத்துவது வழக்கம் என்பதால் அது 0.200 ஆகிறது. ஒரே ஒரு ஹிட் குறைந்திருந்தால் 0.198. பிறகு ஐம்பது ஆண்டு மேடைகளில் "இருநூறு அடித்தவன்" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ள அந்த அழகான வட்ட எண் கிடைத்திருக்காது.

கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே சராசரி என்பது ரன் கணக்கில்லை. ஐந்து முறை மட்டை பிடித்தால் ஒரு முறை ஹிட் அடித்துப் பேஸை (ஓடி எட்ட வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்றை) அடைந்தார் என்று பொருள். நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச நடையான 'வாக்' இந்த வகுத்தலில் மேலேயும் வராது, கீழேயும் வராது.

அது அவ்வளவு மோசமான எண்ணா?

மோசம்தான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் அவர் ஆடிய நேஷனல் லீக்கின் பொதுச் சராசரி அந்த ஆண்டுகளில் 0.250-ஐ ஒட்டி இருந்தது. அதற்கு ஐம்பது புள்ளி கீழே இருப்பவர் இன்னொரு காரணத்துக்காகத்தான் அணியில் இருக்க முடியும்.

ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அது பிட்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின் காலம். 1963-இல் ஸ்ட்ரைக் எல்லையை, அதாவது பேட்டர் அடிக்க வேண்டிய பந்தாகக் கணக்கிடப்படும் பரப்பை, பெரிதாக்கினார்கள். பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலம். இவை பேட்டர்களை நசுக்கிவிட்டன என்று ஒப்புக்கொண்டு மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தது 1969-இல். அதற்குள் யூக்கர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இரண்டு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டை பிடிப்பவருக்குக் கண் பழகாது. மணிக்கு 90 மைலுக்கு மேல் வரும் பந்து கையை விட்டதிலிருந்து பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டை எட்ட ஏறக்குறைய 0.4 நொடிதான். அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அதில் பாதிகூடக் கிடைக்காது. தினமும் ஆடுகிறவருக்கே பத்து நாள் இடைவெளி விழுந்தால் தடுமாற்றம் வரும். ஆறு பருவத்திலும் சேர்த்து யூக்கருக்குக் கிடைத்த 731 வாய்ப்பு, வழக்கமாக ஆடும் ஒருவருக்கு ஒன்றேகால் பருவத்தில் கிடைத்துவிடும்.

மூன்று, வாக்குகளையும் சேர்த்து அவர் பேஸை அடைந்த விகிதம் 0.293. சராசரிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரிது. இதை வைத்து அவருக்குக் கூர்மையான கண் என்று சிலர் வாதிடுவார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கேட்சர்கள் பெரும்பாலும் எட்டாவதாக மட்டை பிடிப்பார்கள், அன்றைய நேஷனல் லீக்கில் ஒன்பதாவது ஆள் பிட்சர். பிட்சரை அவுட்டாக்குவது சுலபம் என்பதால் எதிரணி எட்டாவது ஆளைச் சும்மா நடக்க விட்டுவிடும். அது அவர் மட்டைக்குக் கொடுத்த மரியாதை இல்லை.

ஓர் அணிக்கு மாற்று கேட்சர் எதற்கு? ஆடாத நாளில் அவருக்கு என்ன வேலை?

கேட்சர் என்பவர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தி அமர்ந்து பிட்சரின் பந்தைப் பிடிப்பவர். விக்கெட் கீப்பரைப் போல என்று சொல்லலாம், ஆனால் கீப்பர் வேகப்பந்துக்குப் பத்துப் பதினைந்து கஜம் பின்னால் போய் நிற்பார். கேட்சருக்கு அந்த வசதி கிடையாது. மட்டை சுழலும் வட்டத்துக்கு வெளியே, ஓரிரு அடிதான். ஓர் ஆட்டத்தில் நூறுக்கு மேற்பட்ட பந்து, ஒவ்வொன்றுக்கும் குந்தி எழ வேண்டும். மட்டையில் உரசித் திசை மாறும் பந்து முகமூடியிலும், தொண்டையிலும், வெறுங்கையிலும் படும்.

அன்றைய கேட்சர்கள் பலர் இரண்டு கையாலும் பிடித்தார்கள். கையுறை வட்டமான மெத்தை போல விறைப்பாக இருக்கும். பந்து உள்ளே விழுந்த நொடியே வலது கையால் மூட வேண்டும். அதனால் வலது கை விரல்கள் உடைவது தொழிலின் ஒரு பகுதி. நடுவில் மடங்கும் கையுறையும், வலது கையை முதுகுக்குப் பின் மறைத்து ஒற்றைக் கையால் பிடிக்கும் முறையும் பரவத் தொடங்கியது 1960-களின் பின்பாதியில்தான்.

இந்த நிலையில் 162 ஆட்டத்தையும் ஒரே ஆள் தாங்க முடியாது. இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பகல் ஆட்டம் வந்தால் அது பெரும்பாலும் மாற்று கேட்சருடைய நாள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் அதில் ஒன்று அவருக்கு.

ஆடாத நாளில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்பு அன்றைய பிட்சர்கள் கை சூடேற்றப் பந்து பிடிப்பார். பயிற்சிக்கு வரும் மற்ற பிட்சர்களுக்கும் பிடிப்பார். ஆட்டம் நடக்கும்போது, மைதானத்தின் ஓரத்தில் மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் 'புல்பென்' என்ற இடத்தில் குந்தியிருப்பார். ஒருவர் எழுந்து இருபது முப்பது பந்து வீசுவார், மேலாளர் மனம் மாறி உட்காரச் சொல்வார், அடுத்த இன்னிங்ஸில் இன்னொருவர் எழுவார். யார் கையில் இன்று பந்து வளைகிறது, யாருக்கு வளையவில்லை என்பது முதலில் தெரிவது இவருக்குத்தான். இந்த உழைப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது.

ஆட்டத்தின் நடுவே இன்னொருவருக்குப் பதில் மட்டை பிடிக்கும் மாற்று பேட்டராகக்கூட அவர் அடிக்கடி இறங்கவில்லையே, ஏன்?

பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போனவர் அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. இரண்டு கேட்சர் மட்டும் உள்ள அணி இரண்டாமவரை ஏழாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்க இறக்கிவிட்டு, எட்டாவது இன்னிங்ஸில் முதலாமவரின் விரல் உடைந்தால், பிளேட்டுக்குப் பின்னால் உட்காரத் தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அந்தப் பயத்தில் மேலாளர் மாற்று கேட்சரைப் பூட்டியே வைத்திருப்பார். 0.200 அடிப்பவர் என்றால் அந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடும்.

மேஜர் லீக்குக்கு வரும்போதே வயது 28. ஏன் அவ்வளவு தாமதம்?

1934 ஜனவரி 26 அன்று மில்வாக்கியில் பிறந்தார். இராணுவத்தில் இருந்துவிட்டு, 1956-இல் சொந்த ஊர் அணியான பிரேவ்ஸோடு 3,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அந்தத் தொகையைக் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை என்பது அவர் ஆயிரம் தடவை சொன்ன நகைச்சுவை. 1956 முதல் 1961 வரை மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஊர் ஊராக ஆடினார்.

தடையாக நின்றது பிரேவ்ஸின் கேட்சர் வரிசை. டெல் கிராண்டால் அந்தக் காலத்தின் தலைசிறந்த கேட்சர்களில் ஒருவர். அவருக்கு அடுத்து வந்தவர் ஜோ டோரே, மட்டையிலும் வல்லவர், யூக்கரைவிட ஆறு வயது இளையவர். இந்த இருவருக்கும் பின்னால் மூன்றாமவராகத்தான் 1962 ஏப்ரல் 13 அன்று யூக்கர் முதல் ஆட்டம் ஆடினார். வேறு அணியில் பிறந்திருந்தால் இரண்டு ஆண்டு முன்பே வந்திருப்பார் என்பது எங்கள் கணிப்பு.

1964 உலகத் தொடரில் ஒரு பந்துகூட ஆடாமல் சாம்பியன் ஆனாரா?

ஆமாம். அந்தப் பருவம் தொடங்கும் நேரத்தில், ஏப்ரல் 9 அன்று, ஜிம்மி கோக்கர், கேரி கோல்ப் ஆகிய இருவரைப் பெற்றுக்கொண்டு பிரேவ்ஸ் அவரை கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. செப்டம்பரில் 12 ஆட்டம் மீதி இருக்கும்போது ஃபில்லீஸ் ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. பிறகு அவர்கள் தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றார்கள். கார்டினல்ஸ் முந்திப்போய், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை 4–3 என்று வென்றது.

ஏழு ஆட்டத்திலும் கேட்சர் டிம் மெக்கார்வர். 22 வயது. தொடரில் 0.478 அடித்தார், ஐந்தாவது ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ஹோம் ரன்னும் அவருடையதே. அப்படி ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும்போது எந்த மேலாளரும் ஆளை மாற்ற மாட்டார். யூக்கரைப் பற்றி அந்தத் தொடரிலிருந்து மிஞ்சிய காட்சி, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் நடந்தது. வாத்தியக் குழுவினர் புல்லில் வைத்துவிட்டுப் போயிருந்த பெரிய பித்தளைக் குழலான டூபாவைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, உயரே வரும் பந்துகளை அதன் வாய்க்குள் பிடிக்க ஓடினார்.

சாண்டி கூஃபாக்ஸின் பந்தில் ஹோம் ரன் அடித்தது உண்மையா?

உண்மை, 1965 ஜூலையில். அந்த ஆண்டு கூஃபாக்ஸ் 26 ஆட்டம் வென்று 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றம்) செய்தவர். மாற்று கேட்சர் ஒருவர் இவ்வளவு பெரிய பிட்சரை எதிர்கொள்ள வாய்ப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. மெக்கார்வர் இடது கை பேட்டர், யூக்கர் வலது கை. இடது கை பிட்சரின் வளையும் பந்து இடது கை பேட்டரை விட்டு விலகிப் போகும், அதை அடிப்பது கடினம். அதனால் இடது கைப் பிட்சர் வரும் நாளில் வலது கை கேட்சரை இறக்குவது வழக்கம். கூஃபாக்ஸ் இடது கை. ஆக, கடினமான ஆள் வந்த நாளில்தான் யூக்கருக்கு வேலை.

இந்த ஒரு ஹோம் ரன்னால் கூஃபாக்ஸுக்குப் புகழ் மண்டபத்தில் (பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் இடம்) இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்ததாக யூக்கர் சொல்வார். 1972-இல் கிடைத்துவிட்டது.

1967-இல் 27 'பாஸ்டு பால்'. லீக்கிலேயே அதிகம். அவர் அவ்வளவு மோசமான கேட்சரா?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் சொல்லின் பொருள். பிட்சர் வீசிய பந்து கேட்சரைத் தாண்டிப் போய், பேஸில் நிற்கும் ரன்னர் முன்னேறினால், கணக்கர் இரண்டில் ஒன்றை எழுதுவார். சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் 'பாஸ்டு பால்', கேட்சர் கணக்கில். எட்ட முடியாத அளவுக்கு உயரமாக, தாழ்வாக, விலகிப் போன பந்து என்றால் 'வைல்டு பிட்ச்', பிட்சர் கணக்கில். கிரிக்கெட்டில் வைடு பந்துவீச்சாளர் கணக்கில் ஏறுகிறது, பை ஏறுவதில்லை. அதே தர்க்கம். பேஸில் யாரும் இல்லாதபோது பந்து நழுவினால் பெரும்பாலும் எதுவும் எழுதப்படாது. மூன்றாவது ஸ்ட்ரைக் நழுவி, அதனால் பேட்டர் ஓடி முதல் பேஸை அடைந்தால் மட்டும் விதிவிலக்கு.

இனி நடந்தது. 1967 ஜூன் 6 அன்று ஃபில்லீஸ் அவரை அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்து, கேட்சர் ஜீன் ஆலிவரை வாங்கிக்கொண்டது. (மில்வாக்கியிலிருந்து பிரேவ்ஸ் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தது 1966-இல்.) அங்கே ஃபில் நீக்ரோ என்ற 28 வயதுப் பிட்சர். அவர் வீசியது நக்கிள்பால், ஏறத்தாழச் சுழலாத பந்து. எந்தப் பக்கம் நெளியும் என்று வீசியவருக்கே தெரியாது. ரன்னர் மூன்றாவது பேஸில் நிற்கும்போது அதை வீசி, கேட்சர் நழுவவிட்டால் ரன் போய்விடும். இந்த அச்சம் உள்ள பிட்சர் இக்கட்டான நேரத்தில் நேர்ப்பந்துக்குத் தாவுவார். நீக்ரோவின் நேர்ப்பந்து சாதாரணம், அடி வாங்கும்.

யூக்கர் அவரிடம் சொன்னது: ஜெயிக்க வேண்டுமென்றால் எந்நேரமும் நக்கிள்பாலையே வீசு, பிடிப்பது என் பாடு. இதைப் பிறகு வெளியே சொன்னவர் நீக்ரோவேதான். அந்த ஆண்டு நீக்ரோவின் ஈ.ஆர்.ஏ. (குறைவாக இருந்தால்தான் நல்லது) 1.87, லீக்கிலேயே சிறந்தது. யூக்கரின் பாஸ்டு பால் 27, லீக்கிலேயே அதிகம். இரண்டையும் சேர்த்தே நீக்ரோ நினைவுகூர்வார்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சொந்தப் பொறுப்பில் கொடுத்த ரன். பாஸ்டு பாலின் உதவியால் வந்த ரன் அதில் சேராது. வைல்டு பிட்சால் வந்தது சேரும். ஆக, நழுவிய பந்தின் பழியைக் கணக்கர் யூக்கர் பக்கம் எழுதிய ஒவ்வொரு முறையும் நீக்ரோவின் எண் சுத்தமாகவே இருந்தது. 27-ஐ மட்டும் எடுத்துக் காட்டி ஒருவரை மோசமான கேட்சர் என்பது அரைக் கணக்கு.

நீக்ரோ பிறகு 318 ஆட்டம் வென்று 1997-இல் புகழ் மண்டபத்துக்குப் போனார். அதற்கு யூக்கர்தான் காரணம் என்று சொல்வது மிகை. நீக்ரோ நக்கிள்பாலை முழுமையாக நம்பத் தொடங்கிய ஆண்டில் பிடிக்க உட்கார்ந்தவர் இவர் என்பது மட்டும் மிகையில்லை.

நக்கிள்பாலைப் பிடிப்பதில் அப்படி என்ன சிரமம்?

சாதாரண வேகப்பந்து பிளேட்டுக்கு வருவதற்குள் சுமார் 15 சுற்றுச் சுழலும். சுழல்வதால் பாதை ஒழுங்காக இருக்கும், கேட்சர் பாதித் தூரத்திலேயே இடத்தைக் கணித்துக் கையுறையை வைத்துவிடலாம். நக்கிள்பால் விரல் நுனியாலும் நகத்தாலும் அழுத்திப் பிடித்துத் தள்ளப்படுவது. வழி முழுவதும் ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் சுழலாது. பந்தின் சிவப்புத் தையல் எந்தப் பக்கம் காற்றைக் கிழிக்கிறதோ அதைப் பொறுத்து இழுப்பு மாறுகிறது. தையல் கொஞ்சம் திரும்பினால் விலகும் திசையும் மாறும். கடைசிப் பத்தடியில்கூட மாறும்.

பிடிப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறை ஏறத்தாழ இதுதான். கையுறையை முன்னே நீட்டக் கூடாது. நீட்டினால் பந்துக்கு நெளிய மீதி இருக்கும் தூரத்தில் கை உறைந்து நிற்கும். உடம்பை ஒட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு, பந்து கிட்டத்தட்ட மேலே விழும்வரை காத்திருந்து கடைசி நொடியில் தட்டிப் பிடிக்க வேண்டும். குதிகாலில் பாரம் போடாமல், இரு பக்கமும் சரிய வசதியாக முன்பாதத்தில் இருக்க வேண்டும். பேஸில் ரன்னர் இருந்தால் பிடிப்பது இரண்டாம் பட்சம், மார்புக் கவசத்தில் மோதவிட்டுக் காலடியில் விழச் செய்தாலே போதும். வேகப்பந்துக்குப் பழகிய கை முதல் சில நாள் முந்திப் போய் மூடிவிடும். பந்து கையுறையின் குதிமேட்டில் பட்டுத் தெறிக்கும்.

யூக்கரின் செய்முறை இதைவிடச் சுருக்கம்: உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்.

பெரிய கையுறை போட்டுக்கொண்டால் தீர்ந்ததே?

அப்படித்தான் 1960-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ் நினைத்தார். ஹாய்ட் வில்ஹெல்மின் நக்கிள்பாலைப் பிடிக்க முறம் போன்ற ராட்சதக் கையுறை ஒன்றைச் செய்வித்தார். நழுவுவது குறைந்தது. பிறகு விதி வந்தது: கேட்சர் கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இன்றும் அதே அளவு. 1967-இல் யூக்கர் அட்லாண்டாவுக்கு வந்தபோது அந்த விதி நடப்பில் இருந்தது. அப்போது பிரேவ்ஸ் நிர்வாகத்தை நடத்தியவர், வேறு யார், அதே பால் ரிச்சர்ட்ஸ்.

பெரிய கையுறைக்கு ஒரு குறையும் உண்டு. பந்து அதன் ஆழத்தில் புதைந்துபோகும். எடுத்து எறிய நேரமாகும்.

அப்படியானால் ரன்னர்கள் பேஸ் திருடியிருப்பார்களே?

திருடுவார்கள், அதாவது பிட்சர் பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார்கள். கணக்கு எளிது. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 127 அடிக்குச் சற்று மேல், அதாவது 38.8 மீட்டர். கேட்சர் பந்தைப் பிடித்ததிலிருந்து அது அங்கே போய்ச் சேர 2 நொடி ஆனால் நல்ல கை. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரை எட்ட 1.3 நொடி. மொத்தம் 3.3. வேகமான ரன்னருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் தேவை, போட்டி சமம். மணிக்கு 70 மைலில் மிதந்து வரும் நக்கிள்பால் இதில் பத்தில் ஒரு நொடிக்கும் மேல் தின்றுவிடும். போதாததற்கு, கேட்சர் கடைசி நொடியில் எங்கோ சரிந்து பிடித்திருப்பார். எழுந்து கால் ஊன்றி எறிவதற்குள் ரன்னர் புழுதியைத் தட்டிக்கொண்டிருப்பார். நீக்ரோ ஆடும் நாளில் கேட்சரின் எறிதலைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஏன் மூன்று முறை கைமாறினார்?

இரண்டு கைமாற்றங்களை மேலே பார்த்தோம். நடுவில் உள்ளது 1965 அக்டோபர் 27: கார்டினல்ஸ் டிக் குரோட், பில் வைட், யூக்கர் மூவரையும் ஃபில்லீஸுக்குக் கொடுத்து அலெக்ஸ் ஜான்சன், பேட் கொராலெஸ், ஆர்ட் மஹாஃபி ஆகியோரை வாங்கியது. குரோட்டும் வைட்டும் நட்சத்திரங்கள், யூக்கர் கொசுறு. பெரிய பேரத்தில் தராசைச் சமன் செய்ய மாற்று கேட்சரைச் சேர்ப்பது சகஜம். எல்லா அணிக்கும் ஒருவர் தேவை, யாரும் அவருக்காகச் சண்டை போட மாட்டார்கள்.

அவர் சொன்ன கதைகளில் எது உண்மை?

எண்கள் உண்மை, உரையாடல்கள் பெரும்பாலும் கைச்சரக்கு. ஃபில்லீஸ் மேலாளர் ஜீன் மாக் "மட்டையை எடுத்துக்கொண்டு போய் நம் ரன் குவிப்பை நிறுத்திவிட்டு வா" என்றதாகச் சொல்வார். அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்கோள் காட்டுமுன் ஆட்ட அட்டவணையைப் பார்ப்பது நல்லது. கூஃபாக்ஸ் ஹோம் ரன் அங்கே இருக்கும். மாக் சொன்னது இருக்காது.

பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இருக்கிறாரா?

ஆட்டக்காரராக இல்லை. 2003-இல் ஃபோர்டு சி. ஃபிரிக் விருது பெற்றார். அது வர்ணனையாளர்களுக்கு மண்டபம் வழங்கும் விருது. பெற்றவர்கள் உறுப்பினர் ஆவதில்லை, வெண்கலத் தகட்டு வரிசையில் அவர்கள் முகம் இருக்காது. செய்திகளில் இந்த வேறுபாடு அடிக்கடி தொலைந்துபோகிறது.

மில்வாக்கி மைதானத்தில் அவருக்கு இரண்டு சிலை. வெளியே நிற்பது 2012-இல் வைத்தது. இரண்டாவது 2014-இல், மேல்தட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது போல. பீர் விளம்பரம் ஒன்றில், முன்வரிசை இருக்கைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நம்பிக் கடைசியில் கூரையடியில் போய் உட்காருவார், அதன் நினைவாக. அந்த மைதானத்தில் கூரை அமைப்பு பார்வையை மறைக்கும் உச்சி இருக்கைகளுக்கு அவர் பெயரையே வைத்து ஒரு டாலருக்கு விற்றார்கள்.

அவருடைய புள்ளிவிவரத்தை நானே சரிபார்க்க என்ன பார்க்க வேண்டும்?

பேட்டிங் அட்டவணையோடு நிறுத்தாதீர்கள், அதற்குக் கீழே ஃபீல்டிங் அட்டவணை தனியாக இருக்கும். பாஸ்டு பால் அங்கேதான். தமிழில் குறித்துக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாக்கைக் குறிக்கும் சுருக்கத்தையும் பாஸ்டு பாலைக் குறிக்கும் சுருக்கத்தையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'பி.பி.' ஆகிவிடும். முன்னது பேட்டிங்கில் நல்ல எண், பின்னது ஃபீல்டிங்கில் கெட்ட எண். முழுச் சொல்லாக எழுதிவிடுவது மேல்.

ஃபீல்டிங் விகிதம் 0.981 என்று இருக்கும். பிழை இல்லாமல் கையாண்டவற்றின் பங்கு அது, கேட்சர்களில் சற்றுக் குறைவு. பாஸ்டு பால் 'பிழை' என்ற கணக்கில் வராது என்பதால் நக்கிள்பால் இந்த எண்ணைக் கெடுக்கவில்லை. இதற்கு யூக்கரே பொறுப்பு. அடுத்து 1967 வரிசை. இரண்டு அணிக்கு ஆடியதால் மூன்று வரிகள் இருக்கும்: ஃபில்லீஸ், பிரேவ்ஸ், இரண்டின் கூட்டு. மூன்றையும் கூட்டினால் ஆட்ட எண்ணிக்கை 80 கூடிவிடும், மொத்தம் 297-க்குப் பதில் 377 வரும். கூட்டு வரியை மட்டும் எடுங்கள்.